அழிக்க ஒண்ணாத கோப்பு

புதிதாக எது கைக்கு வந்தாலும் அக்கா முதலில் செய்வது அதில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரை நகத்தால் சுரண்டுவதுதான். பிஸ்கற் பெட்டி, ரோச் லைற், பால்மா ரின், எதுவானாலும். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சுனாமியில் கடல் அடித்த பிறகு எங்கள் பக்கம் வந்து குவிந்த நிவாரணச் சாமான்களில் ஒரு ஸ்ரிக்கருக்குக் கீழே இன்னொன்று இருந்தது. மேலே இருப்பதில் அடுத்த வருடம் வரைக்கும் பாவிக்கலாம் என்றிருக்கும். கீழே இருப்பதில் போன வருடமே முடிந்திருக்கும். முகாமில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பால்மா ரின்னை வாங்கிக்கொண்டு நடக்க, அக்கா பின்னால் ஓடிப்போய் அதைப் பறித்துச் சுரண்டினார். பிறகு அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தவரின் மேசையில் டொக்கென்று வைத்தார்.

"இத உங்கட பிள்ளைக்குக் கரைச்சிக் குடுங்க பாப்பம்."

அந்த மனிதர் எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் பால்மாவே வரவில்லை. கைப்பிள்ளைக்காரி ஏசியது அக்காவைத்தான். இதுதான் அக்கா. அவர் சொல்வது சரியாக இருக்கும். அதனால் வருகிற கேடு பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்து வரும். இவ்வளவு காலம் போன பிறகும் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குப் பல்லைத்தான் கடிக்க வருகிறது. அவரில் பாதிக் கோபம், அவரை அப்படி நடத்தியவர்களில் மீதிக் கோபம் என்று பிரித்து எழுதலாம் என்று பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. பெயரை எழுதப் போவதில்லை. அவர் கேட்டால் "எழுதினா என்னகா?" என்பார். அதற்காகத்தான் எழுதவில்லை.

அவர் மண்டூர். நான் களுதாவளை. இடையில் வாவி. காலையில் எங்கள் ஊருக்குப் படிப்பிக்கப் பாதையில் ஏறி வருவார். வாவியைக் கடக்கிற அந்த மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். ஏறுவதற்கு முன் பாதைக்காரரிடம் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி.

"எஞ்சினுக்கு எண்ணெய் இருக்கா?"

"நிறையக் கிடக்கு புள்ள, ஏறு."

"மூடியத் திறங்க. பாத்திட்டு ஏறுறன்."

"உன்னைக் கட்டப்போறவன் பாவம் புள்ள. அவன்ட வாயத் திறந்து பல்லையும் எண்ணுவாய்."

"எண்ணித்தான் கட்டுவன். நீங்க மூடியத் திறங்க."

களுதாவளையில் கட்டிக்கொடுத்த அவருடைய தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஒருவர் சொல்ல அங்கே ஓடினார். முகாமில் கண்டேன் என்று இன்னொருவர் சொல்ல அங்கே ஓடினார். எங்கேயும் தங்கச்சி இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் இப்படி ஆனார் என்று ஊரில் சொல்வார்கள். சும்மா கதை. அவர் முன்பும் இப்படித்தான். ரெக்னிக்கல் கொலிஜில் படிக்கும்போது, பரீட்சை மண்டபத்து மணிக்கூடு முந்தி ஓடுது என்று எழும்பி நின்று சொல்லி, எல்லாரையும் திரும்ப உட்காரவைத்தவர் என்று அவரோடு படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு துக்கத்தை எடுத்து ஒரு குணத்துக்கு மேலே ஒட்டிவிட்டால் நமக்கு வசதி. அதையும் அவர் சுரண்டித்தான் பார்த்திருப்பார்.

நான் உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த நேரம். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கடல் அடித்த ஊர்களின் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊரில் கொம்பியூட்டர் நிலையம் ஒன்று திறந்தது. அக்கா படிப்பிக்க வந்தார், நான் அவருக்குத் துணையாகச் சேர்ந்தேன். நிலையத்துக்குப் பொறுப்பானவரை நாங்கள் சேர் என்போம். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். யாரோடும் முரண்படாதவர். எனக்கு இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மெஷின்கள் வந்து இறங்கின. பளபளவென்று வெள்ளைப் பெட்டிகள். முன்னால், ஐந்நூற்றுப் பன்னிரண்டு ரேம், புத்தம் புதியது என்று ஸ்ரிக்கர். பின்னால், பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று முத்திரை. அக்கா முன் ஸ்ரிக்கரைச் சுரண்டினார். கீழே ஒன்றும் இல்லை. முத்திரையில் கைவைக்கப் போக, சேர் பாய்ந்து வந்தார்.

"ஐயோ பிள்ளை, திறக்காதங்க! திறந்தாத் திருப்பி எடுத்திருவாங்க."

"சரி சேர். திறக்கல்ல. கேட்டுப் பாக்கிறன்."

"ஆரிட்டக் கேக்கப்போறீங்க?"

"மெஷினிட்டத்தான்."

கைப்பையில் இருந்து ஒரு சீடியை எடுத்தார். வெளிநாட்டில் இருந்து இலவசமாகத் தபாலில் வரும் லினக்ஸ் சீடி. மெஷினின் வட்டில் எதையும் பதியாமல் சீடியிலேயே ஓடும். கறுப்புத் திரை வந்தது. அதில் /proc/meminfo என்று முடிகிற ஒரு வரியைத் தட்டினார். என்டர் பொத்தானை அவர் எப்போதும் மோதிர விரலால்தான் அடிப்பார், கொசுவை அடிப்பதைப் போல. மொத்த ரேம் என்ற இடத்தில் நூற்று இருபத்தெட்டுக்கும் கொஞ்சம் குறைவாக நின்றது. அடுத்த வரியில் cpuinfo. அதுவும் பழைய காலத்துச் சில்லு. யாரோ பாவித்துக் கழித்த மெஷின்களுக்குப் புதுச் சட்டை போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் மற்ற மெஷின்களிலும் சீடியைப் போட்டு ஓடினேன். எல்லாம் ஒரே சாதி.

எனக்கு அந்த proc என்ற அடைவு பைத்தியம் பிடிக்கவைத்தது. அதில் உள்ள கோப்புகளின் அளவைக் கேட்டால் பூச்சியம் என்று வரும். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். பார்க்கிறவன் வெறும் கோப்பு என்று விட்டுவிட்டுப் போவான். திறந்தால் பக்கம் பக்கமாகப் பேசும். காரணம், அவை வட்டில் எங்கேயும் எழுதிவைக்கப்பட்டவை அல்ல. நாம் கேட்கிற அந்தக் கணத்தில், மெஷினின் கருவே தன்னைப் பார்த்து எழுதித் தருகிறது. நேற்று எழுதிவைத்த பொய் அதில் இருக்க இடமில்லை. எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது, எந்தச் சாதனம் எத்தனை தடவை தட்டிக் கூப்பிட்டது, எல்லாம் சொல்லும். விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தட்டினால் interrupts என்ற கோப்பில் அதற்குரிய எண் ஏறும். பிறகு வகுப்புகள் தொடங்கிய நாட்களில் ஒரு பிள்ளை, காலையில் இருந்து தட்டச்சுப் பழகுகிறேன் என்றாள். அக்கா அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரமும் மவுசாலயா புள்ள தட்டச்சுப் பழகினாய்? சீட்டு விளையாட்டில வெண்டியா தோத்தியா?" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளையும்தான்.

திறப்பு விழாவில் யாரும் சிரிக்கவில்லை. மெஷின்களைத் தந்தவர்கள் வந்து மாலை போட்டுக்கொண்டு, புத்தம் புதுக் கணினிகள் என்று ஒலிவாங்கியில் சொல்ல, அக்கா கூட்டத்துக்குள் இருந்து எழும்பினார்.

"புதுசில்ல. பழசு. சும்மா தாறதெண்டாப் பழசெண்டே சொல்லித் தாங்க, வாங்குவம். புதுசெண்டு ஏன் சொல்றீங்க?"

சேரின் முகம் வாடிப்போனது. வந்தவர்களுக்குள் குசுகுசுப்பு. மெஷின்களை எங்கேயோ ஒரு வியாபாரி ஏமாற்றித் தந்திருக்கலாம், அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். யாரும் விசாரிக்கவில்லை. அச்சுப்பொறி தருவதாக இருந்ததைத் தராமல் போனார்கள். சேர் அக்காவிடம் சொன்னதை மறக்கமாட்டேன்.

"உண்மைதான் பிள்ளை. உண்மையெண்டு எனக்கும் விளங்குது. ஆனா இப்ப நமக்கு என்ன கிடைச்சிது?"

"என்ன கையில இருக்கெண்டு தெரிஞ்சிது."

அப்படித் தெரிந்ததால்தான் நிலையம் ஓடியது என்பதை நான் சொல்லவேண்டும். புதிது என்று நம்பி ஏற்றியிருந்தால் வழமையான மென்பொருள்களைத் தாங்காமல் அந்த மெஷின்கள் ஒரு கிழமையில் படுத்திருக்கும். அக்கா எல்லாவற்றிலும் லினக்ஸைப் பதிந்தார், பாரமில்லாத ஒன்றாக. பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். இரண்டு பேருக்கு அச்சகத்தில் வேலைகூடக் கிடைத்தது. ஆனால் மற்ற இடங்களில் இருப்பதைப் போல இல்லாத ஒரு திரை எங்கள் நிலையத்தில் இருந்தது. அந்த நாட்களில், மற்ற இடத்தில் இருப்பதைப் போல இல்லாத எதுவும் ஆபத்து. அதுவும் வாவிக்கு அந்தப் பக்கம், இயக்கம் நடமாடிய படுவான்கரையில் இருந்து வருகிற ஒருத்தி பதிந்தது.

கிழக்கில் சண்டை முடிந்து வடக்கில் இன்னும் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு நாள் பகல் வகுப்பு நேரத்தில் தேடுதலுக்கு வந்தார்கள். யார் என்று எழுதமாட்டேன். துவக்கு வைத்திருந்தார்கள், அவ்வளவு போதும். பிள்ளைகளை வெளியே மாமரத்தடியில் இருத்தினார்கள். அவர்களோடு கொம்பியூட்டர் தெரிந்தவன் என்று ஒரு பெடியன் வந்தான். என் வயதுதான் இருக்கும். அக்கா வழமையாக இருக்கும் மெஷினில் உட்கார்ந்து கோப்புகளைக் கிளறினான். கிளறிக் கிளறி proc அடைவுக்கு வந்தான். எல்லாம் பூச்சியம். கீழே போகப் போக, kcore என்று ஒன்று. அது மட்டும் மலை மாதிரி, அந்த மெஷினில் இருந்த எல்லாக் கோப்பையும் விடப் பெரிது. திறக்கப் பார்த்தான். அனுமதி இல்லை என்றது.

அவன் கதிரையை அக்காவின் பக்கம் திருப்பினான். "இது என்ன?"

"அது உண்மையான ஃபைல் இல்ல தம்பி. மெஷின்ட ரேம். ஃபைல் மாதிரிக் காட்டுது, அவ்வளவுதான். எல்லா லினக்ஸ் மெஷினிலயும் கிடக்கும்."

"மற்ற எல்லாம் பூச்சியம். இது மட்டும் ஏன் பெரிசு? ஏன் பூட்டியிருக்கு?"

"நான் பூட்டல்ல. அது அப்பிடித்தான்."

"அப்ப அழி."

"அழிக்க ஒண்ணாது."

"ஒண்ணாதா, மாட்டியா?"

துவக்கோடு நின்றவர்களில் ஒருவன் கிட்ட வந்தான். நான் அக்காவின் காலை மிதித்தேன். பிறகு சிரித்துக்கொண்டே, "தள்ளுங்க தம்பி, அக்காக்கு இது சரியா வராது, நான் அழிக்கிறன்" என்று மவுசைப் பிடித்தேன். வேறொரு அடைவுக்குள் போய், பிள்ளைகள் பழகிய பெரிய படக் கோப்பு ஒன்றைக் குப்பைக் கூடைக்குள் போட்டு, கூடையையும் காலியாக்கினேன். "இந்தா, போச்சுது." அந்தப் பெடியன் திரையைப் பார்த்தான். தலையாட்டினான். எழும்பினான். வாசலடிக்குப் போய்விட்டான். முடிந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

"அழியல்ல" என்றார் அக்கா.

அவன் நின்றான்.

"இவள் பயத்தில சொல்றாள். அவள் அழிச்சது வேற ஃபைல். நீங்க கேட்டது அங்கதான் கிடக்கு. அத ஆராலயும் அழிக்க ஒண்ணாது. வந்து பாருங்க."

அக்காவையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எந்தச் சொல்லில் எழுதுவது? மாமரத்தடியில் பிள்ளைகள் அழுதார்கள். நான் அழவில்லை. சுவரில் உதைத்தேன். ஒரே ஒரு வாய். அதை மூடிக்கொண்டு இருந்திருந்தால்?

அக்காவின் அப்பாவோடு நானும் காம்ப் வாசலுக்குப் போனேன். அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். அக்காவின் செருப்பு உள்வாசலில் கிடந்தது. எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. "அந்தா அவள்ட செருப்பு" என்று அப்பா விரலை நீட்ட, "அது எங்கட ஆக்கள்ட" என்றான் வாசலில் நின்றவன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நாங்கள் ஒவ்வொரு நாளும் போனோம். ஒவ்வொரு நாளும் இல்லை என்றார்கள். சேரை வரச்சொல்லிக் கேட்டேன். தான் வந்தால் நிலையத்துக்குத்தான் பிரச்சினை என்றார்.

ஒரு கிழமைக்கு மேலே வைத்திருந்துவிட்டு விட்டார்கள். கை கால் வீங்கியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டால், "கேக்காத" என்றார். அவர் வாயில் இருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மண்டூரில் அவர் வீட்டுக்குப் போய் முற்றத்திலேயே சண்டை பிடித்தேன்.

"வாசலடிக்குப் போயிட்டாங்கக்கா! போயிட்டாங்க! என்னத்துக்கு வாயத் திறந்தீங்க?"

"மெஷினக் கொண்டு போகாம விட்டிருப்பாங்களெண்டு நினைக்கிறியா? அங்க கொண்டு போய்ப் போட்டாத் திரும்ப அந்த ஃபைல் வரும். அழிச்சனெண்டு சொன்னது நீ. மறுகா ஆரத் தேடி வந்திருப்பாங்க?"

அதோடு அவர் விடவில்லை.

"உனக்காகச் சொன்னனெண்டு நினைக்காத புள்ள. நீ இல்லாட்டியும் சொல்லியிருப்பன். அழியாதத அழிஞ்சதெண்டு சொல்ல எனக்கு வராது."

அந்தக் கோப்பில் எதையோ மறைத்து வைத்திருந்தேன் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்களாம். மறுத்தாராம். எந்த மெஷினையாவது கொண்டுவாங்க, என்ட சீடியப் போடுங்க, அதிலயும் அதே ஃபைல் வரும் என்று நாள் முழுக்கச் சொன்னதையே சொன்னாராம். கடைசியில் வயதான ஒருவர், சலிப்பிலோ என்னவோ, தன் மேசையில் இருந்த மெஷினிலேயே சீடியைப் போட்டுப் பார்த்தாராம். வந்ததாம். அவருடைய மெஷினுக்குள்ளேயும் kcore, அதே பூட்டு, அதே மலை. எழும்பிப் போனாராம். மன்னிப்பு இல்லை. மெஷினும் இல்லை.

இன்றைக்கும் நான் செய்தது பிழை என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நாளைக்கு அதே துவக்கு வந்தால் அதே பொய்யைச் சொல்வேன். அவரும் அதே மாதிரித்தான் வாயைத் திறப்பார். நாங்கள் இதில் சமாதானமாகவே இல்லை.

ஆனால் எனக்கு அதிகம் ஆறாமல் இருக்கிற கோபம் துவக்குக்காரர்களில் இல்லை, எங்கள் ஆட்களில். அக்கா திரும்பி வந்தது தெரிந்ததும் சேர் என்னைக் கூப்பிட்டு, இனி அவர் வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார். நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. முரண்படாத மனிதர் அல்லவா. மண்டூருக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். அடுத்த வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து, "அக்கா கட்டாருக்குப் போயிட்டா. நல்ல வேலை கிடைச்சிருக்கு" என்றார்.

கட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் கட்டாரில் இருந்தார்கள்! உண்மையாகப் போனவர்களும் இருந்தார்கள். மற்றவர்களும் இருந்தார்கள். சந்தியில் வைத்து வாகனத்தில் ஏற்றப்பட்ட மகனைப் பற்றி யாராவது கேட்டால், தாய்மார் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கட்டார் என்பார்கள், இல்லாவிட்டால் சவூதி என்பார்கள். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மற்றப் பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டுமே. அந்தச் சொல்லைத் தாய்மாரிடம் இருந்து எடுத்துச் சேர் தன் வசதிக்குப் பாவித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எப்படியோ அது மண்டூருக்கும் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அக்கா வாசலில் வந்து நின்றார். நடக்கும்போது ஒரு காலைச் சாய்த்து வைத்தார். சேர் கதிரையில் இருந்து பாதி எழும்பினார்.

"பிள்ளை, இப்ப வேணாம். மறுகா பேசுவம்."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்தார்.

"நான் கட்டாருக்குப் போகல்ல. என்னைக் கொண்டு போய் வச்சிருந்தாங்க. அடிச்சாங்க. மறுகா விட்டாங்க. இப்ப இவங்க வேலையால நிப்பாட்டிட்டாங்க. நான் மண்டூரிலதான் இருக்கன். பாடம் விளங்காட்டி வாங்க."

'கொண்டு போய் வச்சிருந்தாங்க' என்ற சொல்லை ஒரு கூரைக்குக் கீழே, பகல் வெளிச்சத்தில், அத்தனை பேருக்கு முன்னால் சத்தமாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. சேர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். ரோட்டில் யாரும் இல்லை.

பின்வரிசையில் பனிச்சங்கேணிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். சண்டையில் இடம்பெயர்ந்து எங்கள் ஊரில் மாமி வீட்டில் இருந்தவள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும்தான் உயர்த்துவாள். அவள் எழும்பினாள். கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட அண்ணனும் கட்டாரில இல்ல" என்றாள்.

"வகுப்பு முடிஞ்சுது" என்றார் சேர். "எல்லாரும் வீட்ட போங்க. போங்க பிள்ளையள்."

ஒருவரும் அசையவில்லை. அக்கா நொண்டி நொண்டிப் பின்வரிசைக்குப் போய், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.